மருந்தும் உயிரியலும் சேர்ந்த பிஎச்டி: இறங்குவதற்கு முன்னும் இறங்கிய பிறகும்

பி.ஃபார்ம் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளும் எம்.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி, பி.டெக் பயோடெக்னாலஜி முடித்தவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, மருந்துப் பக்கமும் வேணும், உயிரியல் பக்கமும் வேணும், ரெண்டும் சேர்ந்த மாதிரி பிஎச்டி பண்ண முடியுமா?" முடியும், தாராளமாக முடியும். ஆனால் சேர்க்கை அறிவிப்புகளில் அந்தப் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் அதிகம் அகப்படாது. பெயர் பயோடெக்னாலஜி என்றிருக்கும், ஃபார்மகாலஜி என்றிருக்கும், கெமிக்கல் இன்ஜினியரிங் என்றுகூட இருக்கும், உள்ளே நடக்கும் வேலை மட்டும் நீங்கள் கேட்டதாக இருக்கும். அதனால் படிப்பின் பெயரை விட்டுவிட்டு ஆய்வகத்தையும் கைடையும் தேடுங்கள். எப்படித் தேடுவது, எந்தத் தேர்வு எழுதுவது, சேர்ந்த பிறகு எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

நான் எம்.ஃபார்மில் ஃபார்மசூட்டிக்ஸ். மருந்தை மாத்திரையாக, களிம்பாக, நுண்துகளாக ஆக்குவது எப்படி என்பதுதான் என் படிப்பு. பிஎச்டியின் முதல் வருடம் மஞ்சளில் இருக்கும் குர்குமினை நானோ துகளுக்குள் அடைத்து, மார்பகப் புற்றுச் செல்களில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க எம்டிடி என்று ஒரு சோதனை உண்டு. மஞ்சள் நிறச் சாயத்தை 96 குழி கொண்ட தட்டில் ஊற்றினால், உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா அதிகமென்றால் உயிர் அதிகம். என் தட்டில் மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட செல் குறைந்துகொண்டே வந்து, கடைசி இரண்டு வரிசையில் திடீரென்று மறுபடி கூடியது. மருந்து நிறையப் போட்டால் புற்றுச் செல் பிழைத்துக்கொள்கிறதா? துகள் தயாரித்த விதத்தில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் திரும்பத் திரும்பத் தயாரித்தேன். ஒருநாள் பக்கத்துத் துறை செல் பயாலஜி லேபில் இருந்த ஒரு சீனியர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செல்லே போடாம, மருந்தை மட்டும் போட்டு ஒரு வரிசை வச்சுப் பார்த்தியா?"

வைத்துப் பார்த்தேன். செல் ஒன்றுகூட இல்லாத குழிகளும் ஊதாவாக மாறின.

குர்குமின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருட்கள் எம்டிடி சாயத்தைத் தாங்களே நேரடியாக ஊதாவாக்கிவிடும் என்பது செல் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி, எனக்குத் தெரியாது. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. குர்குமின் 37 டிகிரியில், பிஎச் 7.2 உள்ள பஃபர் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துவிடும் என்று 1997-லேயே பதிவாகியிருக்கிறது. இது மருந்துப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த சங்கதி. அப்படியானால் 24 மணி நேரம் கழித்து நான் அளந்தது குர்குமினின் வேலையா, அது சிதைந்து உண்டான வேறெதன் வேலையா? அந்தச் சீனியருக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை, எனக்கு அவருடைய கேள்வி தோன்றவில்லை. இரண்டு துறை சேர்ந்த ஆராய்ச்சியில் ஓட்டை விழுவது இந்த நடு இடத்தில்தான். அதனால்தான் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: ஒரு துறையைச் சொந்த வீடாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு துறையில் உங்கள் தட்டைத் தூக்கிப் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு ஆளை முதல் நாளிலிருந்தே பிடித்துவையுங்கள். "எனக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் மூன்றாம் வருடம் அதிகம் திணறுகிறார்கள்.

தேர்வுகள்

இதைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் சீக்கிரம் சொல்லிவிட்டுத் தாண்டுகிறேன், விவரம் அந்தந்த அறிவிப்பில் தெளிவாகவே இருக்கும்.

ஃபார்மசி படித்தவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: யுஜிசியின் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஃபார்மசி என்று பாடமே கிடையாது, ஆனால் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டின் லைஃப் சயின்சஸ் தாளை பி.ஃபார்ம் வைத்துக்கொண்டே எழுதலாம். பொதுப்பிரிவுக்கும் ஓபிசிக்கும் 55 சதவீதம், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம் மதிப்பெண் வேண்டும். தாள் 200 மதிப்பெண். ஏ பகுதி பொதுத் திறனறிவும் கணக்கும், பி பகுதி நேர்க் கேள்விகள், சி பகுதியில் 75 கேள்வி கொடுத்து 25-க்குப் பதில் எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். சி பகுதியில்தான் ஆட்கள் பிரிகிறார்கள், காரணம் அங்கே சோதனை முடிவைக் கொடுத்து அர்த்தம் சொல்லச் சொல்வார்கள். ஃபார்மசி படித்தவர்கள் எல்லாப் பாடத்தையும் விழுங்கப் பார்க்க வேண்டாம். செல் பயாலஜி, மூலக்கூறு உயிரியல், நோய் எதிர்ப்பியல், மனித உடலியங்கியல், ஆய்வு முறைகள் ஆகியவற்றை ஆழமாகப் படித்து, தாவரவியலிலும் சூழலியலிலும் அடிப்படையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வான ஜிபேட்டை இப்போது என்பிஇஎம்எஸ் என்ற தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நடத்துகிறது, மதிப்பெண் 3 வருடம் செல்லும். மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத், கவுகாத்தி போன்ற இடங்களில் இருக்கும் நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. பயோடெக் ஆட்களுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) பெட் தேர்வு, கேட்டில் பயோடெக்னாலஜி அல்லது லைஃப் சயின்சஸ் தாள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) நடத்தும் ஜேஜீபில்ஸ் தேர்வின் பெயரிலேயே "துறையிடை உயிரியல்" இருக்கிறது, பெங்களூருவில் உயிரியல் ஆய்வுக்கென்றே இருக்கும் என்சிபிஎஸ் போன்ற இடங்களுக்கு அதுதான் வாசல். இயற்பியல், கணிதம் படித்தவர்களும் அதை எழுதுகிறார்கள், மனப்பாடத்தை விட யோசிக்கும் திறமைக்குத்தான் அங்கே மதிப்பு.

2024 ஜூனிலிருந்து நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காமல் போனாலும் பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை, ஒரு வருடம் செல்லும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடலாம், ஆனால் உதவித்தொகை அதோடு வராது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சேர்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பணம் எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவக் கருவிகள், தொழில்நுட்பத்தில் கூட்டு பிஎச்டி நடத்துகின்றன. பொறியாளரும் மருத்துவரும் ஒரே மாணவருக்கு வழிகாட்டும் அமைப்பு அது. சேத்துப்பட்டில் ஐசிஎம்ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், எனக்கு அந்த இடத்தின் மேல் தனி மரியாதை உண்டு. 1956-ல் அங்கே ஒரு ஆய்வு தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நம் ஊரில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? ஐசோனியாசிட், பிஏஎஸ் என்ற இரண்டு மருந்தையும் ஒரு வருடம் வீட்டிலிருந்தே சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள், அதோடு வீட்டில் கூட இருப்பவர்களுக்கு நோய் தொற்றுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறைவில்லை, வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-ல் முடிவு வந்தது. உலகமே காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறை அதிலிருந்து மாறியது. மருந்து தெரிந்தவர், கிருமி தெரிந்தவர், புள்ளியியல் தெரிந்தவர், தெருத் தெருவாகப் போய் வீட்டைப் பார்த்தவர் எல்லாரும் ஒரே கேள்விக்காகச் சேர்ந்ததால்தான் அது நடந்தது. துறை சேர்வது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

மாநிலத்துக்கு வெளியே என்றால் ஹைதராபாத்தில் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), ஐஐசிடி (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்), லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமான சிடிஆர்ஐ. 1951-லிருந்து மருந்து கண்டுபிடிப்புக்கென்றே இருக்கும் சிடிஆர்ஐயில் வேதியியலும் உயிரியலும் ஒரே வளாகத்துக்குள் நடக்கின்றன. பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் துறையிடை ஆய்வுக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஃபார்மசி கல்லூரிகள், அண்ணாமலை, சாஸ்திரா, போரூர் ராமச்சந்திரா என்று இடங்கள் உண்டு. இடத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே நிறுவனத்தில் ஒரு லேப் சொர்க்கமாகவும் அடுத்த லேப் நேர்மாறாகவும் இருக்கும்.

கைடு

இங்கேதான் நேரம் செலவு பண்ண வேண்டும். தேர்வுக்கு ஆறு மாதம் படிப்பவர்கள் கைடைத் தேர்ந்தெடுக்க ஆறு நாள்கூடச் செலவழிப்பதில்லை, எனக்கு இது இன்னும் புரியாத விஷயம்.

முதலில் ஷோத்கங்காவுக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் நினைத்து வைத்திருக்கும் கைடின் பெயரைப் போட்டு, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். எந்த வருடம் பதிவு செய்தார்கள், எந்த வருடம் சமர்ப்பித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் ஏழு வருடம் எடுத்திருந்தால் நீங்கள் மட்டும் நாலில் முடிப்பீர்கள் என்று நம்பக் காரணம் இல்லை. நன்றியுரையைத் தவறாமல் படியுங்கள். வேறு துறை ஆட்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களா, எந்தக் கருவிக்காக எந்த ஊருக்கு ஓடியிருக்கிறார்கள், யார் தோள் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். லேபில் மருந்தின் அளவைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி வேலை செய்கிறதா என்ற கேள்விக்குக்கூட நன்றியுரையில் பதில் கிடைத்துவிடும், வெளி லேபுக்கு நன்றி சொல்லியிருந்தால் உள்ளே இருப்பது ஓடவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். கைடு இல்லாத இடத்தில், டீக்கடையில் வைத்துப் பேசுங்கள். "சார் எப்படி" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எப்போது உங்கள் டேட்டாவை அவர் உட்கார்ந்து பார்த்தார்? கெமிக்கல் ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது? பேப்பர் எழுதியதும் முதல் பெயர் யாருக்கு? இந்த லேபை விட்டுப் பாதியில் போனவர்கள் இருக்கிறார்களா?

யுஜிசியின் 2022 விதிகளைப் பதிவிறக்கி ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள், நீளமில்லை. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற 3 வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவர் எடுக்க முடியாது. நமக்கு ரொம்ப முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது: துறையிடை ஆய்வு என்றால் வெளித் துறையிலிருந்தோ வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்தோ இணை வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக "அவங்க லேப்ல பண்ணிக்கலாம்மா" என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள். என் வகுப்பில் ஒருவருக்கு அப்படி வாய்வார்த்தையில் இருந்த உதவி, அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாறிப் போனதோடு நின்றுவிட்டது, ஒன்றரை வருட வேலை பாதியில் கிடந்தது. கையெழுத்து இருந்திருந்தால் மாற்றாக இன்னொருவரைக் கேட்கவாவது வழி இருந்திருக்கும்.

கைடுக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு உண்மையாகவே எழுந்த ஒரு சந்தேகத்தை எழுதுங்கள். உங்கள் கையில் என்ன வேலை தெரியும், எந்தத் தேர்வில் என்ன நிலை, எப்போது சேர முடியும், அவ்வளவுதான். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் திறந்ததுமே தெரிந்துவிடும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தலைப்பு

கொஞ்சம் மனம் விட்டுச் சொல்கிறேன். இன்னொரு மூலிகைச் சாறு, ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்ட இன்னொரு எலி, சர்க்கரை குறைந்தது என்று இன்னொரு ஆய்வேடு, இது வேண்டாம். மூலிகை மேல் எனக்குக் குறை இல்லை, சித்த மருத்துவத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் ஸ்ட்ரெப்டோசோடோசின் கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிறது, அதை மட்டும் அதிக அளவில் போட்ட எலி டைப் 1 சர்க்கரை நோயாளிக்குத்தான் நெருக்கம். அதில் சோதித்துவிட்டு முன்னுரையில் டைப் 2 பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். சாற்றில் எந்தப் பொருள் வேலை செய்தது, அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போனதா, போனால் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு உள்ளே பதில் இருக்காது. அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தீர்கள் என்றால் அதுவே துறை சேர்ந்த பிஎச்டிதான்.

டாக்கிங்கும் அப்படியே. கணினியில் மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்த்து நல்ல ஸ்கோர் வந்தால் அது ஒரு ஊகம். லேபில் சோதிக்க ஆள் இருந்தால் மட்டும் அதைத் தலைப்பின் தொடக்கமாக வையுங்கள்.

தலைப்பு சரியா என்று பார்க்க நான் செய்யச் சொல்லும் சோதனை: உங்கள் கேள்வியை மருந்தே தெரியாத ஒரு உயிரியல் ஆசிரியரிடமும், செல்லே வளர்க்காத ஒரு ஃபார்மசூட்டிக்ஸ் ஆசிரியரிடமும் தனித்தனியாக இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். இருவரும் "ஆமா, அது தெரியணும்ல" என்றால் தலைப்பு தேறும். ஒருவர் மட்டும் தலையாட்டினால் அது அவருடைய துறைத் தலைப்பு, மற்றது ஒட்டுப் போட்டது.

முதல் வருடம்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், ஆய்வு மற்றும் பதிப்பு நெறிமுறைப் பாடம் கட்டாயம். மீதியில் தேர்வு செய்ய இடம் கிடைத்தால் உங்கள் சொந்தத் துறைப் பாடத்தை எடுக்காதீர்கள். ஃபார்மசி ஆட்கள் நோய் எதிர்ப்பியலோ செல் பயாலஜியோ எடுங்கள், உயிரியல் ஆட்கள் மருந்து உடலுக்குள் எப்படிப் போய் வெளியேறுகிறது என்று படிக்கும் ஃபார்மகோகைனெட்டிக்ஸ் எடுங்கள். இரண்டு பேருமே புள்ளியியல் எடுங்கள். ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழியில் ஏதாவது ஒன்றில் உங்கள் வரைபடத்தை நீங்களே போடத் தெரிய வேண்டும்.

அனுமதிகள்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சமாச்சாரம். எலியைத் தொட வேண்டுமென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், முன்பு சிபிசிஎஸ்இஏ என்று இருந்து இப்போது சிசிஎஸ்இஏ என்று ஆகியிருக்கும் அமைப்பின் படிவம் பி நிரப்ப வேண்டும். நோயாளி ரத்தம் ஒரு துளி வேண்டுமென்றாலும் மனித நெறிமுறைக் குழு. மரபணு மாற்றிய செல் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. இந்தக் குழுக்கள் வாரா வாரம் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், அங்கே போய் "எத்தனை எலி, ஏன் இத்தனை" என்று கேட்பார்கள், எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். அதனால் கோர்ஸ்வொர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். சாம்பிள் சைஸ் கணக்கை ஒரு புள்ளியியல் ஆசிரியரிடம் சரிபார்த்துவிட்டே கொடுங்கள்.

வாரம் ஒருநாள் அடுத்த துறை லேப் மீட்டிங்கில் போய் உட்காருங்கள். முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியாது. நாலாவது மாதம் அவர்கள் எதை நம்புகிறார்கள், எதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள் என்று பிடிபடும். செல் ஆட்கள் ஒரே சோதனையை வேறு வேறு நாளில் மூன்று தடவை செய்ததா என்று கேட்பார்கள், மருந்து ஆட்கள் ஒரே பேட்சா, எத்தனை நாள் வைத்திருந்தது என்று கேட்பார்கள். இரண்டையும் லேப் நோட்டில் தினமும் எழுதுங்கள்: பேட்ச் எண், செல் எத்தனையாவது பேசேஜ் (எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தது), யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது வரைக்கும்.

பணம்

ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி தனி. கணக்கில் பார்த்தால் நல்ல தொகை. ஆனால் மாதா மாதம் முதல் தேதி வரும் என்று எண்ணி இஎம்ஐ போட்டுவிடாதீர்கள். பல மாதம் தாமதமாகி மொத்தமாக வருவது சாதாரணம். எனக்கு ஒரு தடவை ஐந்து மாதம் வரவில்லை, அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்து, கடைசியில் கேட்டுத்தான் ஆனேன். முதல் தவணை வந்ததும் மூன்று மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள்.

உதவித்தொகையே இல்லாமல், கட்டணமும் கட்டி, பகலெல்லாம் வகுப்பெடுக்கச் சொல்லும் இடத்தில் முழுநேர பிஎச்டி சேர்வதானால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிட்டுச் சேருங்கள். ஒரு வருடம் பிராஜெக்ட் அசோசியேட்டாக வேலை பார்த்துக்கொண்டே ஜேஆர்எஃப்புக்குப் படிப்பது அதைவிட நல்லது, அந்த லேபையும் உள்ளிருந்து பார்த்த மாதிரி ஆகும்.

கால அளவு குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்து 2 வருடம் கூட்டலாம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. இதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள், கைடு பெரிய மனது வைத்துக் கொடுப்பது ஒன்றுமில்லை, விதியிலேயே எழுதியிருக்கிறது.

வெளிநாடு

அமெரிக்காவில் எம்.எஸ்சி, எம்.ஃபார்ம் இல்லாமலே நேரே பிஎச்டி சேரலாம். உயிர்மருத்துவப் படிப்புகளில் பெரும்பாலானவை கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் கொடுக்கும், ஜிஆர்இ கேட்பதைப் பல இடங்கள் நிறுத்திவிட்டன. கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் (யுசிஎஸ்எஃப்) மருந்தறிவியலும், மரபணுவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவைப் படிக்கும் ஃபார்மகோஜெனோமிக்ஸும் சேர்ந்த படிப்பு, மிச்சிகன், வட கரோலினாவின் எஷெல்மன் ஃபார்மசி பள்ளி என்று தொடங்கித் தேடலாம். அங்கே பல படிப்புகளில் முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊரில் இது இல்லாததுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும், மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும், ஆசிரியர்களிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். பிடித்த கைடிடம் பணம் இருக்கிறதா என்று அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் தளத்தில் பெயர் போட்டாலே தெரியும், எந்த மானியம் எந்த வருடம் முடிகிறது என்பது வரைக்கும் இருக்கும். 2025-ல் என்ஐஎச் நிதிக் குறைப்பால் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, அதனால் இப்போது இதைப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பிஎச்டி இடம் வேலை மாதிரியே விளம்பரமாகும், சம்பளம் அங்கத்திய அரசுச் சம்பள அட்டவணையின் இ13 நிலையில் ஒரு பங்கு, பலருக்கு 65 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்குகள் நம் மாதிரி ஆட்களுக்கென்றே செய்தது போல இருக்கும், ஒரே ஆய்வில் பல நாடு, பல துறை, கம்பெனியும் சேர்ந்திருக்கும். சேரப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஏற்கெனவே ஜெர்மனியில் முதுகலை படித்தவர்கள் அங்கேயே விண்ணப்பித்து இதில்தான் அடிபடுகிறார்கள். இந்தியாவில் பிஎச்டி பதிவு செய்துவிட்டவர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, 6 முதல் 9 மாதம் அமெரிக்க லேபில் இருந்துவிட்டு வரலாம். உங்கள் ஊரில் இல்லாத அந்த ஒரு கருவிக்காகவோ அந்த ஒரு ஆளுக்காகவோ போக இது நல்ல வழி.

கடைசி வருடம்

காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் போடும் ஜர்னல் பக்கம் போகாதீர்கள். நல்ல ஜர்னல்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டது, இனி நல்ல ஜர்னலா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் ஆய்வேட்டில் நீங்களே மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த ஜர்னல்களில் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், முதல் நாலைந்துக்குள் ஒன்றுக்கு அனுப்புங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளித் தேர்வாளர்களில் ஒருவர் ஒரு துறை, இன்னொருவர் மறு துறை என்று வர வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தைய வாரம் ஒத்திகை வையுங்கள், ஆனால் உங்கள் லேப் ஆட்களைக் கூப்பிடாமல் அடுத்த துறை மாணவர்களைக் கூப்பிட்டு வையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விதான் அங்கே வரும். என் வைவாவில் செல் பயாலஜி பக்கத்திலிருந்து வந்த அம்மா ஆய்வேட்டைப் புரட்டி, எம்டிடி வரைபடம் இருந்த பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "செல் இல்லாத கன்ட்ரோல் எங்கேம்மா?" அதே வரைபடத்தின் கீழே, சாம்பல் நிறக் கோடாக இருந்தது. காட்டினேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.